பேச முடிகிற வேகம்

"மெதுவா ஓடுங்க. பேச முடியாத வேகத்துல தினமும் ஓடினா ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறும், செல்லெல்லாம் அடிவாங்கும்," என்றாள் மாநில ஓட்டப்பந்தய வீராங்கனை சங்கமித்ரா.

இன்று அவளிடம் தேறியாக வேண்டும் என்று நந்திதுர்க் மைதானத்தில் முன்னால் பாய்ந்துகொண்டிருந்த ராகுலன், மூச்சிரைக்கத் திரும்பினான். "அதுக்குத்தான் வைட்டமின் மாத்திரை போடுறேங்க."

"இன்னாங்க நீங்க! அளவா ஓடிப் பழகினா அதத் தடுக்குற ஆன்டிஆக்சிடன்ட்ட உடம்பே தயார் பண்ணிக்கும். மாத்திரைய அள்ளிப் போட்டா பயிற்சியோட பலன்தான் குறையும்."

ராகுலன் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் வந்தான். "சரி, சொல்லுங்க. கேட்டுக்குறேன்."

சுற்று முடிந்ததும், மைதான ஓரத்தில் பூ, பழத் தட்டுகளோடு இரண்டு குடும்பங்களும் காத்திருந்த இடத்திலிருந்து அவள் அப்பா எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, மாப்பிள வீட்டுக்கு இன்னா பதில் சொல்ல?"

"சம்மதம்னு சொல்லுங்கப்பா. போன மாசம் பொண்ணு பார்க்க வந்தவரு வாந்தியே எடுத்தாரு, சொல்லியும் வேகத்தக் குறைக்கல."