மேலாளரின் முட்டிவலி

"அண்ணே, எனக்கு முட்டி தேஞ்சிபோச்சி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று கண்கலங்கினார், தலைமைப்பண்புப் பயிற்சி முடித்துவந்த மேலாளர் அறிவழகன். ஜவுளிக்கடையின் இரண்டு கிளைகளும் அவர் பொறுப்பு.

விற்பனையாளர் நடராசன் உருகிப்போனார். ஊழியரை நம்பி இப்படி மனம் திறந்த மேலாளரை விழுப்புரம் கண்டதில்லை.

"எனக்கும் அதே பேஜாருதான் சார். மாத்திரை போட்டுக்கினுதான் பகலெல்லாம் நிக்கிறேன்."

மறுநாளே, நின்று வேலைபார்க்கத் தகுதியில்லை என்று நடராசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளிதான் எப்படியோ மோப்பம் பிடித்திருப்பார் என்று நினைத்தவர், திண்டிவனம் கிளையில் துணி தைக்கும் தங்கை வெள்ளையம்மாளுக்குப் போன் போட்டார்.

"மேனேஜரைத் தப்பா நெனைக்காதம்மா. பாவம், அவருக்கே முட்டி தேஞ்சிகெடக்குது."

"முட்டியா? எங்கிட்ட கண்ணு மங்கலா தெரியுதுன்னு இல்ல அழுதாரு!" என்ற தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அண்ணே, எனக்கும் அப்டித்தான்னு காலையில சொல்லித் தொலைச்சிட்டேனே!"