குறை சொல்லுங்க அக்கா

“‘நல்லாருக்கு’ன்னு ஒத்த வார்த்தை சொல்லவா ரெண்டு நாளா உங்களக் கூப்பிட்டு வச்சிருக்கேன்?”

ஜெயசித்ராவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பாம்பு வந்தால் என்ன செய்வது என்று குற்றாலத்து விடுதி ஊழியர்களுக்காக அவள் எழுதிய பாடப் புத்தகம், மாலையில் தென்காசி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு வரி தப்பாகப் போனாலும் ஓர் உயிர் போகும். அதனால்தான் விவரம் தெரிந்த நாலு பேரை மேலகரத்து மண்டபத்துக்கு வரவழைத்து, குறை சொல்வது எப்படி என்று பயிற்சியே கொடுத்தாள். எந்த இடம், ஏன் தப்பு, எப்படித் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும். அதையும் தனியாகச் சொல்வது நல்லது. எழுதியவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

“சூப்பர் மேடம்” என்றார் வனக்காவலர் லிங்கேஸ்வரன், பக்கத்தைப் புரட்டாமலே. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

இருபது வருஷமாகப் பாம்பு பிடிக்கும் மாரித்தாய் வாயே திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், கூச்சம் என்று நினைத்தாள் ஜெயசித்ரா.

“அக்கா, நீங்களாவது ஒரு குறை சொல்லுங்களேன்.”

“சொல்லுதேன் டீச்சர். ஆனா தனியாத்தான் சொல்லுவேன். அண்ணாச்சி, நீங்க மூணு பேரும் முன்வாசல் வழியா மெதுவாப் போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

அவர்கள் போனதும், ஜெயசித்ரா ஆசையாக நோட்டை எடுக்க எழப் போனாள்.

“உக்காருங்க. எழுதுனவங்க கேக்க மட்டுந்தான் செய்யணும்னு நீங்கதான சொன்னீய?”

பிறகு மாரித்தாய் பேசினாள். குரலை உயர்த்தவில்லை, இடையில் நிறுத்தவும் இல்லை.

“நாலாம் பக்கம், மூணாவது வரி. கடிச்ச எடத்துக்கு மேல இறுக்கிக் கட்டச் சொல்லுதீய. கட்டுனா காலே அழுகிரும். கட்டாம, காலை ஆட்டாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு எழுதுங்க. ஏழாம் பக்கத்துல நல்ல பாம்பு படம் மட்டுந்தான் இருக்கு. விரியன மலைப்பாம்புக் குட்டின்னு நெனச்சு ஒருத்தன் கையால தூக்கிருவான். விரியன் படத்தையும் போடுங்க…”

ஜெயசித்ரா மலைத்துப் போனாள். மாரித்தாயின் கையில் புத்தகம்கூட இல்லை. பக்கமும் வரியும் காரணமும் திருத்தமும் மளமளவென்று வந்து விழுந்தன. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அவளுக்கு இப்படி எடுத்துச் சொன்னதில்லை. உடம்பு சிலிர்க்க, வைத்த கண் வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

சட்டென்று மாரித்தாய் பேச்சை நிறுத்தி, நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள்.

“இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு ரெண்டு நாளா ஏன்க்கா பேசாம இருந்தீங்க?” ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கியது.

“முகத்துக்கு நேரா குறை சொல்ல நாக்கு வரல டீச்சர். இன்னைக்கும் வந்திருக்காது. பிடிக்கக் கையில கம்பும் இல்ல; உங்க நாக்காலிக்கு அடியில சுருண்டு கெடந்த கண்ணாடிவிரியன் பின்வாசலத் தாண்டுத வரைக்கும் உங்கள அசையாம உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல.”