எட்டு மணி நேரச் சோதனை

கணினித் திரை நீலமாகி அப்படியே நின்றுவிட்டது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள், சுட்டுவிட்டது போல.

ஐம்பது கேள்விகளில் நாற்பத்தொன்று முடிந்திருந்தது.

அறை வாசலில் நின்றிருந்த அவள் கணவனுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கணினியின் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்திருந்தான். விளையாட்டுக்காக. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வோல்டேஜையும் ஏற்றி. ஏற்றி முடித்ததும் எட்டு மணி நேரம் முழுப் பளுவில் ஓடவிட்டு, சூடு தாங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். கணினி பூட்டுகிறவர்களின் வாட்ஸப் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பவன் அவன்தான். பொறுமை இல்லாதவன் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று வைதும் இருக்கிறான்.

அவன் ஓடவிட்டது பத்து நிமிடம்.

அதுவும் மழை பெய்து குளிர்ந்து கிடந்த மாலையில். திரையில் தெரிந்த வேகத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். எழுபது பேர் கைதட்டினார்கள்.

இன்று கோவில்பட்டியில் அனல் பறந்தது. சத்தம் கேட்டால் தேர்வு செல்லாது என்று ஃபேனை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள் செண்பகவல்லி. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். நாலு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை ஒன்றுக்கான தேர்வு. இரண்டு மாதமாக அடுப்படியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தாள்.

"நான் எதையும் தப்பா அமுக்கிட்டனா?"

"இருக்கும்" என்றான்.

அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வெட்கம் அதன் பின்னால்தான் வந்தது. காதுமடல் வரை எரிந்தது.

அவள் முகம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் எல்லாவற்றையும் பழைய வேகத்துக்கே இறக்கிவைத்தான். சொந்த வீட்டில் திருடுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவளுக்கு மெயில் வந்தது. தேர்வு பாதியில் நின்றதற்குக் கணினிக் கோளாறு காரணம் என்றால் மறுதேர்வு உண்டு. எழுதியவரின் தவறு என்றால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. காரணத்தை இன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும்.

சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டே வாக்கியம். அவளுக்கு மறுதேர்வு கிடைத்துவிடும். கோபித்துக்கொள்வாள், கோபிக்கட்டும்.

அவன் எழுந்து வருவதற்குள் அவள் பதிலை எழுதி முடித்திருந்தாள்.

"இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

போனை வாங்கிப் படித்தான்.

அவசரத்தில் நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன். கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அது என் கணவர் தம் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டியது, அவர் அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். பொய் சொல்லி மறுதேர்வு வாங்க எனக்கு மனமில்லை.

அவள் பக்கத்திலேயே நின்றாள். அழுத கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

அவன் இரண்டாம் முறை படித்தான். பிறகு மூன்றாம் முறை.

கணவரைப் பற்றிய வரியை மட்டும் அழித்துவிட்டு, போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.