பேர் வெட்டிய கிரைண்டர்

மாலை நாலரை மணி. ஒன்பது பெண்கள். வாத்தியார் பத்ரி.

பம்மலில் நஃபீசாவின் பாத்திரக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. இடம் நஃபீசாவுடையது, டீயும் அவருடையது. முதல் வரிசையில் மாணவியாகவும் அவர் உட்கார்ந்திருப்பார்.

அன்றைய பாடம், கொடுப்பது.

"கிவ்னு ஒரே வார்த்தைய வச்சு காலம் பூரா ஓட்ட முடியாது," என்றார் பத்ரி. "அநாதை ஆசிரமத்துக்குக் கொடுத்தா டொனேட். பிறந்தநாளுக்குக் கொடுத்தா கிஃப்ட். மேடையில வச்சுக் கொடுத்தா பிரசென்ட். வேணுமான்னு நீட்டினா ஆஃபர். திரும்பி வரும்னு நம்பிக் கொடுத்தா லெண்ட்."

"வராதுன்னு தெரிஞ்சே கொடுத்தா சார்?" என்றாள் ஜெயஸ்ரீ.

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லம்மா. நம்ம ஊர்ல கைமாத்துன்னு சொல்லுவாங்க."

வகுப்பு சிரித்தது.

"சாமுண்டீஸ்வரி, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க."

சாமுண்டீஸ்வரி இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டார அடுக்குமாடி வீடுகளுக்குப் போடுகிறவள். எழுந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "மை மாமியார் கிவ் மை கிரைண்டர்," என்றாள்.

"கேவ். யாருக்கு?"

"மூத்த நாத்தனாருக்கு சார். போன வருசம் கல்யாணத்துல சீர் வண்டில ஏத்தி அனுப்சிட்டாங்கோ. நான் ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், உளுந்து ஊறிகினு கீது, கிரைண்டர காணோம்."

வகுப்பு முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இப்ப மாவு எப்படி அரைக்கிற?" என்று கேட்டார் நஃபீசா.

"வெளில கூலி குடுத்து அரைக்கிறேங்கா. கைல இன்னா நிக்கும்? இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். முடியலைன்னா வூட்டு வேலைக்குத்தான் போவணும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்ரியின் மேஜைமேல் ஒரு புதுக் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. கீழே கடையிலிருந்து இரண்டு பேர் தூக்கிவந்தது.

"உனக்குத்தான்," என்றார் நஃபீசா.

சாமுண்டீஸ்வரி கிரைண்டரை ஒருமுறை சுற்றி வந்தாள். ஜெயஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"அக்கா, சும்மா கொடுக்கக் கூடாது. நம்ம கிளாஸ் ஞாபகமா இங்கிலீஷ்ல பேர் வெட்டிக் கொடுக்கலாம்."

பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவது அந்தக் கடை வழக்கம்தான். மிஷினை மாடிக்குக் கொண்டுவந்தார்கள். எந்த வார்த்தை என்பதில் வகுப்பு இரண்டுபட்டது.

"பிரசென்டட் பை நஃபீசா. கெத்தா இருக்கும்," என்றாள் ஜெயஸ்ரீ.

"மேடை எங்கம்மா இருக்கு? கிஃப்டட்தான் சரி. அன்பா இருக்கும்," என்றார் பத்ரி.

"டொனேட்டட்?" என்றது பின்வரிசை.

"ஐயே, வேணாங்கா. கோயில் டியூப்லைட்டாட்டம் ஆய்டும்," என்றாள் சாமுண்டீஸ்வரி. மறுபடி சிரிப்பு.

நஃபீசா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "லெண்ட் பை நஃபீசா."



"மேடம்," என்றார் பத்ரி மெதுவாக, "லெண்ட்னா இரவல். திருப்பி வாங்கிக்கிறது."

"தெரியும் சார். நீங்க நல்லாத்தான் நடத்தினீங்க. அதையே வெட்டுங்க. கீழ கடை பேரு, போன் நம்பர். எழுத்து பெருசா இருக்கட்டும்."

"எப்பக்கா திருப்பிக் கேப்பீங்க?" என்றாள் ஜெயஸ்ரீ.

"எனக்குத் தோணுறப்ப."

கிரைண்டர்மேல் இருந்த கையைச் சாமுண்டீஸ்வரி எடுத்துக்கொண்டாள். "சரிங்கா. கீறல் வுழாம வச்சிக்கிறேன்," என்றாள்.

மிஷின் கிர்ரென்று ஓடியது. எவர்சில்வர் உடம்பில், துடைத்தாலும் போகாதபடி, பட்டையாக விழுந்தன எழுத்துகள்.

படி இறங்கும்போது ஜெயஸ்ரீயால் தாங்க முடியவில்லை. "டீ டம்ளர்லயே தெரியும் சார். பாதிக்கு மேல ஊத்தி நான் பாத்ததில்ல. கொடுக்கிற மாதிரி கொடுத்து, ஒரு முனையைக் கையிலயே வச்சிக்கிட்டாங்க பாருங்க."

ஜெயஸ்ரீ அந்தக் கிரைண்டருக்குக் கொடுத்தது யோசனை மட்டும்தான்.

"இரவல்னு அழியாம வெட்டிக் கொடுத்து நானும் பார்த்ததில்ல," என்றார் பத்ரி. "நஃபீசா மேடத்துக்கு நான் கிவ்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும் போலிருக்கு."

சாமுண்டீஸ்வரி ஷேர் ஆட்டோவில் கிரைண்டரை மடியோடு அணைத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து மாவு வீட்டிலேயே அரைபட்டது. மூன்றாவது மாதம் வாடிக்கை வீடுகள் இரட்டிப்பாயின. வகுப்புக்கு ஒரு தூக்கு நிறைய மாவு கொண்டுவந்து நஃபீசாவிடம் நீட்டி, "ஆஃபர், அக்கா," என்றாள்.

"கிரைண்டர் எப்படி இருக்கு?" என்றார் நஃபீசா.

"உங்க பொருளு பத்திரமா கீதுக்கா," என்றாள். குரலில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. நஃபீசா தலையாட்டிவிட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டார்.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, சாமுண்டீஸ்வரியின் இளைய நாத்தனாருக்கான சீர் வண்டி பம்மலிலிருந்து வண்டலூருக்குப் புறப்பட்டது. கட்டில், பீரோவுக்குப் பின்னால் மாமியார் கங்கம்மா ஏற்றிவைத்த கிரைண்டரை, அதிலிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்த மாப்பிள்ளையின் சித்தப்பா, இரவல் பொருள் சீரில் வரக் கூடாது என்று சொல்லி, கிளம்பும் முன்பே சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டார்.