பதினேழாம் உருளை

அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளைகளில் அடைக்கும் ஆலையில் எமல்டாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. பதினேழாம் உருளையின் கண்ணாடித் துண்டு ஒன்றை இருபத்தெட்டு நாள் வெந்நீரில் ஊறவைத்து, தடித்த சன்னலுக்கு அப்பாலிருந்த இயந்திரக் கைகளால் தூக்கித் தராசில் வைத்தாள். எடை அனுமதித்த அளவைவிடச் சற்றே அதிகமாகக் குறைந்திருந்தது. மூன்று முறை வைத்தும் அதே எண்தான். கண்ணாடி கரைகிறது; புதைத்த இடத்தில் நீர் பட்டால் உள்ளிருக்கும் கழிவும் கசியும்.

மேலதிகாரி ஜெபமணி எட்டிப் பார்த்தார். "மயிரிழை வித்தியாசம்தானம்மா. கையெழுத்தப் போடு, மண்ணுக்கடியில போயிரும். ஆயிரம் வருஷம் கழிச்சு எவன் வந்து கேக்கப் போறான்?"

"அவனால கேக்க முடியாதுல்லா சார். அதான் நான் கேக்கேன்."

"வேண்டாம்னு ஒதுக்குனா அது எங்க போகும்? புதைக்க விடமாட்டாங்க, திரும்ப உருக்கவும் வழியில்ல. இங்கதான் கெடக்கும், நம்ம காலடியில."

எமல்டாவுக்கும் அது தெரியும். அவள் பிள்ளைகள் ஆலைக் குடியிருப்பில்தான் வளர்ந்துவந்தார்கள். தாளில் 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுவாரம் உருளையை அவள் அறைக்கு நேர்கீழே இருந்த காப்பறையில் இறக்கினார்கள். தரை லேசாக அதிர்ந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட எழுந்தவள், பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து பதினெட்டாம் உருளையின் துண்டை வெந்நீரிலிருந்து தூக்கினாள்.