சாம்பேவுக்கு உடம்பு சரியில்லை

“காப்பி ஆறிப்போகுதுங்க. அப்புறம் ‘என்னடி இது, கழனித்தண்ணி’ன்னு முகத்தைச் சுளிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே யோஸ்பினா தம்ளரைக் கட்டிலருகே வைத்தாள். சாம்பே பதில் சொல்லவில்லை. கழுத்துவரை போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

கல்யாணமான நாளிலிருந்தே அவர் பேச்சில் கஞ்சன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். இந்தோனேசியாவின் தொராஜா மலையில் மழைக்காலக் குளிர் எலும்பைத் துளைக்கும் என்பதால், போர்வையின் ஓரங்களை இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகினாள். அறை முழுக்க மருந்து வாடை.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் குரல் கொடுத்தான். “சாம்பே அண்ணே, சேவல் சண்டைக்குப் போறேன். வரீங்களா?”

“போடா, உன் நோஞ்சான் சேவலும் நீயும்! அவருக்கு உடம்பு சரியில்லைன்னு தெரியாதா?” என்று யோஸ்பினா விரட்டினாள்.

அவன் சிரித்துக்கொண்டே போக, வாசலில் சபையின் போதகர் மில்கா வந்து நின்றாள். இளம்பெண்தான். ஆனாலும் மலையேறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முறைப்படி நேராக உள்ளே வந்து, கட்டிலருகே குனிந்தாள். “அண்ணே, நான்தான் மில்கா. உடம்பு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கார்” என்றாள் யோஸ்பினா. “நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும், போதகரம்மா. என் பதில் உங்களுக்கும் தெரியும்.”

மண்சரிவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சபை எடுத்து வளர்க்கிறது. அங்கே சமைத்துப் போட ஆள் உண்டு, துணி துவைக்க ஆள் உண்டு. பயந்து விழித்து அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஒரு காலத்தில் ஓய்வுநாள் பள்ளியை நடத்தியவள் யோஸ்பினா. சொந்தப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும் அவள் பின்னாலேயே அலையும். சாம்பே படுத்ததிலிருந்து அவள் கோயில் படியைக்கூட மிதிக்கவில்லை.

“ரூத்னு ஒரு குட்டி, அக்கா. யார் தூக்கினாலும் கத்துது. நேத்து பூனைக்குட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கிச்சு.”

“என்னைக் கரைக்கப் பார்க்காதீங்க. நான் வந்துட்டா இவரை யாரு பார்க்கிறது? நான் இல்லாத நேரத்துல கூப்பிட்டார்னா?”

மில்கா என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். நோய் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவர்கள் இந்த மலையில் வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் சொல்லும்வரை ஊரே படுத்திருப்பவரை நோயாளி என்றுதான் நலம் விசாரிக்கும். பிள்ளை இல்லாத இந்த வீட்டில் அது யோஸ்பினாவின் வாயிலிருந்து வர வேண்டும். போதகரே ஆனாலும் முந்திக்கொள்ளக் கூடாது.

“நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு, அக்கா?”

“தூக்கமா? படுத்தாலும் ஜெபம்தான். ‘எடுத்துக்காதீங்க ஆண்டவரே, எடுத்துக்காதீங்க’ன்னு ஒரே ஜெபம். கண்ணை மூடினா அந்த நேரம் பார்த்து எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு.” அவள் கண்கள் குழிவிழுந்து சிவந்திருந்தன.

“சரி, அண்ணன் பக்கத்துல நான் உட்கார்றேன். நீங்க கொஞ்சம் படுங்க. கூப்பிட்டா எழுப்பறேன்.”

“சத்தியமா எழுப்புவீங்களா?”

“போதகர்கிட்டயே சத்தியம் கேட்கிறீங்களே!”

யோஸ்பினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரோரம் பாயில் சாய்ந்தவள், அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள்.

மழை வந்து, பெய்து, ஓய்ந்தது. வெயில் எதிர்ச் சுவருக்கு வந்த பிறகுதான் விழித்தாள். பதறி எழுந்தாள். “ஐயோ, இவ்வளவு நேரமா தூங்கிட்டேன்! கூப்பிட்டாரா?”

மில்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லைக்கா. கூப்பிடலை.”

“ஒரு தடவைகூடவா? தண்ணிகூடக் கேட்கலையா?”

“கேட்கலைக்கா.”

யோஸ்பினா தம்ளரைப் பார்த்தாள். ஊற்றிய காப்பி ஊற்றியபடியே இருந்தது. ஒரு எறும்பு அதில் மிதந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலருகே மண்டியிட்டு, வாய்விட்டு அழுதாள்.

“ஆண்டவரே, நானும் பிடிச்சுப் பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டேன். கை ஓஞ்சு போச்சு. இந்தாங்க, இவரை எடுத்துக்கோங்க. என்னையும் எடுத்துக்கோங்க. என்ன வேலை சொல்றீங்களோ, செய்றேன்.”

அழுது முடித்தபோது துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரத்தை யாரோ இறக்கி வாங்கிக்கொண்டதுபோல், அவளால் மூச்சுவிட முடிந்தது. எழுந்து காப்பியை ஜன்னல் வழியே கொட்டினாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“பூனைக்குட்டியை அதோட அம்மாகிட்ட விட்டுடுங்க. ரூத்தை நான் வந்து தூக்கிக்கிறேன்.”

மில்கா கட்டிலைப் பார்த்தாள். “அப்போ... அண்ணன்?”

யோஸ்பினா அவருடைய நெற்றியை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

“நோய் முடிஞ்சுதுன்னு ஊருக்குச் சொல்லிடுங்க, போதகரம்மா. அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு.”