மேகத்துக்குள் விளக்கு

"சொந்த அத்தான் மேலேயே புகார் கொடுத்துட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுடா இந்த வாசலை மிதிச்சே?"

கதவைத் திறந்த அக்கா, தம்பியை உள்ளே கூப்பிடவில்லை. வழியும் விடவில்லை. அவனே ஒருக்களித்து நுழைந்து, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோபாவின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டான்.

"அத்தான் எங்கக்கா?"

"உள்ளே இருக்கார். யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்திருக்கார். இனி வர வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்னு காலையில ஆபீஸ்லேர்ந்து போன். தலை நரைக்கிற வரைக்கும் விமானம் ஓட்டினவரை, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி வெளியே நிறுத்திட்டாங்க. எல்லாம் உன் புண்ணியம்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்குப் பைலட் ஆசையை ஊட்டினதே அவர்தான். உன் கல்யாணத்துல அப்பா இடத்துல நின்னவரும் அவர்தான். அவர் முதுகுலயே குத்திட்டியே!"

"என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை கேளுக்கா."

"எல்லாம் தெரியும். உயரத்தைக் கொஞ்சம் தப்பாப் பார்த்துட்டார். உலகத்துல எவனும் பண்ணாத தப்பா?"

"கொஞ்சம் இல்லக்கா."

முந்தாநாள் மத்தியானம். மேகம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் கருவிகளை நம்பித்தான் விமானத்தை இறக்க வேண்டும். ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படாதவரை இன்ன உயரத்துக்குக் கீழே போகவே கூடாது. துணை விமானியான தம்பி, உயரம் காட்டும் முள்ளைப் பார்த்து உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த உயரமும் வந்தது. அத்தான் நிறுத்தவில்லை.

"விளக்கு தெரியுது. இறங்கறேன்" என்றார்.

தம்பி முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. அதைத் தவிர ஒன்றுமே இல்லை.

"எனக்குத் தெரியலையே கேப்டன்..."

"வரிசையா எரியுதே! எவ்வளவு அழகா இருக்கு பாரு."

குரலில் துளிப் பதற்றம் இல்லை. அந்த நிதானத்தைக் கேட்டதும், தன் கண்தான் கெட்டுவிட்டதோ என்று இவனுக்கே சந்தேகம் தட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். வெள்ளைதான். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. தரை நெருங்கிவிட்டது, மேலே ஏறு என்று கருவியின் எச்சரிக்கைக் குரல் அலற ஆரம்பித்தது. அப்போதும் அவர் லேசாகச் சிரித்தபடி எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்!"

விமானத்துக்குள் அவன் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட வேகத்திலேயே தன் பக்கத்துப் பிடியை இறுகப் பற்றி, விமானத்தை மேலே தூக்கினான். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. கீழே, எட்டினால் இலையைப் பறிக்கலாம் போல, மரங்களின் உச்சி. ஓடுபாதையின் சுவடுகூட இல்லை.

"நல்லா இறங்கியிருப்பேனே, ஏன்டா தூக்கினே?" என்று விளையாட்டு பறிபோன குழந்தை மாதிரிக் கேட்டார் அத்தான்.

வட்டமடித்து வந்து, விளக்கு நிஜமாகவே தெரிந்த பிறகு தம்பியே இறக்கினான். பயணிகளுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு அம்மாள், "பூ மாதிரி இறக்கினீங்க" என்று அத்தானுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி சொல்லி முடித்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அசதியா இருந்திருக்கும். கண்ணு கூசியிருக்கும்" என்றாள். "அதை உன்னோட வெச்சுக்க வேண்டியதுதானே? ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?"

உள்ளறைக் கதவு திறந்தது.

அத்தான் வந்து நின்றார். மடிப்புக் கலையாத யூனிஃபார்ம், தலையில் தொப்பி. தம்பி எழுந்து நின்றான். அங்கே ஓர் ஆள் நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவன் தலைக்கு மேலே இருந்த வெறும் சுவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்த விளக்கை அணையேன்மா. கண்ணைக் குத்துது."

பட்டப்பகல். ஹாலில் எந்த விளக்கும் எரியவில்லை. அவர் பார்த்த சுவரில் விளக்கே கிடையாது.

தம்பி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கை தானாகப் பின்னால் போய், எந்த விளக்கோடும் சேராத ஒரு பழைய சுவிட்சைத் தட்டியது. டக்.

"அணைச்சுட்டேங்க."

"ம்... இப்பச் சரி."

கதவு சாத்திக்கொண்டது.

பல் தேய்ப்பது மாதிரி, யோசனையே இல்லாமல் செய்த வேலை. தம்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளாக்கா?"

அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"வெயில் காலம் முடிஞ்சதுலேர்ந்து. வானத்துல இருக்கிற வரைக்கும்தான்டா அவர் மனுஷனா இருக்கார். அதை எப்படி நான் பிடுங்குவேன்?"

"தெரிஞ்சேவா பறக்க அனுப்பினே? பின்னால அத்தனை ஜனம் உட்கார்ந்திருந்துச்சேக்கா!"

அக்காவின் கண் கலங்கியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் பிடிப்பது போல அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மாவாடா அனுப்பினேன்? டியூட்டி போடறவர்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொரு தடவையும் உன்னை அவர் பக்கத்துல உட்கார வெச்சுத்தானே அனுப்பினேன்!"